சத்திரத்துப் பகடை: கிங்டம் கம் டெலிவரன்ஸில் புதிதாக உட்காருபவர்களுக்கு

கிங்டம் கம்: டெலிவரன்ஸை வாள்சண்டைக்காக இறக்குபவர்கள் பலர், கொஞ்ச நாளில் சத்திரத்து மேஜையில் பகடை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். செக் நாட்டு வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட ரோல்பிளேயிங் விளையாட்டு இது, அதாவது கதையில் ஒரு ஆளாகவே மாறி ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டு. கதை 1403ஆம் ஆண்டு பொஹீமியாவில் நடக்கிறது. நீங்கள் ஹென்றி, ஒரு கொல்லன் மகன். டிராகன் கிடையாது, மந்திரக்கோல் கிடையாது, கையில் காசும் கிடையாது. அந்தக் காசு, அதாவது குரோஷன், ரத்தம் சிந்தாமல் சம்பாதிக்கக் கிடைக்கும் வழிகளில் பகடையும் ஒன்று. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்திலும் புள்ளிக் கணக்கு இதேதான். ஒன்றில் பழகினால் மற்றதற்கும் ஆகும்.

புதிதாக ஆடுபவர்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். புள்ளி தரும் பகடை எல்லாவற்றையும் ஆசையோடு அள்ளிவிடுகிறார்கள். பிறகு கையில் இரண்டு பகடை மட்டும் மிஞ்ச, அதை உருட்டி அத்தனையையும் இழக்கிறார்கள். எத்தனை புள்ளி வந்தது என்பதை விட, எத்தனை பகடை கையில் மிச்சம் என்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி ஆட்டம் கைவந்தது.

உட்காருமுன் சேவ்

நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்கு இரண்டு மழைக்காலம். ஜூனிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். காற்றடித்து தென்னை மட்டை லைனில் விழுந்தால் கரண்ட் போய்விடும். இது இங்கே சொல்லவேண்டிய விஷயம்தான். ஏனென்றால் முதல் பாகத்தில் நினைத்த நேரத்தில் இலவசமாக சேவ் செய்ய முடியாது. முக்கியமான வழிகள் இவை: கதையின் முக்கியக் கட்டங்களில் அது தானாகச் சேமிக்கும், உங்களுக்குச் சொந்தமான அல்லது வாடகைக்கு எடுத்த கட்டிலில் தூங்கி எழுந்தால் சேமிக்கும், சேவியர் ஷ்னாப்ஸ் என்ற மதுவைக் குடித்தால் சேமிக்கும், மெனுவில் சேமித்து வெளியேறும் வசதி இருக்கிறது.

கடைசி வழியில் ஒரு சிக்கல். வெளியேறும்போது செய்த சேவ், திரும்பத் திறந்ததும் அழிந்துவிடும். திறந்து ஒரு மணி நேரம் பகடை ஆடி ஜெயித்தபின் கரண்ட் போனால், ஜெயித்ததும் போச்சு, அந்த சேவும் போச்சு. யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பில் ஆடுபவர்கள் இதை மறக்கக் கூடாது. லேப்டாப் என்றால் பேட்டரி காப்பாற்றும். சேவியர் ஷ்னாப்ஸும் மதுதான் என்பதால் அடுத்தடுத்துக் குடித்தால் ஹென்றிக்குப் போதை ஏறும். சிக்கனமான வழி, பகடை ஆடும் சத்திரத்திலேயே ஒரு கட்டிலை வாடகைக்கு எடுப்பது. தூங்கி எழுந்து ஆடுங்கள், நல்ல தொகை சேர்ந்ததும் மறுபடி படுங்கள்.

தோற்றதும் பழைய சேவைத் திறந்து தோல்வியை அழிப்பது உங்கள் இஷ்டம். ஆனால் அப்படி ஆடினால் எங்கே நிறுத்துவது என்பது கடைசிவரை பிடிபடாது.

மேஜையில்

சத்திரங்களில் பகடை ஆடுபவர் இருப்பார். பகலில் ஆள் இல்லையென்றால் சாயங்காலம் வந்து பாருங்கள், இந்த விளையாட்டில் எல்லாருக்கும் ஒரு தினசரி உண்டு. பேச்சுக் கொடுத்தால் பகடைக்கு அழைக்கும் வரி வரும். பந்தயத் தொகையை முடிவு செய்யுங்கள். பையில் இருக்கும் பகடைகளில் ஆறைத் தேர்ந்தெடுங்கள். விசேஷப் பகடை எதுவும் இல்லையென்றால் சாதாரணப் பகடை ஆறு போதும். எத்தனை புள்ளி எடுத்தால் வெற்றி என்பது திரையில் தெரியும். பந்தயத்தை விட அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இலக்கு சின்னது என்றால் ஒரே நல்ல முறையில், அதாவது உங்கள் கைக்குப் பகடை வந்து போகும் ஒரே சுற்றில், ஆட்டம் முடிந்துவிடும். இலக்கு பெரிது என்றால் நிதானத்துக்குப் பலன் உண்டு.

புள்ளிக் கணக்கு இது:

தனியாக வரும் 1: 100
தனியாக வரும் 5: 50
மூன்று 1: 1000
மூன்று 2: 200
மூன்று 3: 300
மூன்று 4: 400
மூன்று 5: 500
மூன்று 6: 600
1, 2, 3, 4, 5 வரிசை: 500
2, 3, 4, 5, 6 வரிசை: 750
1 முதல் 6 வரை முழு வரிசை: 1500

மூன்றுக்கு மேல் கூடும் ஒவ்வொரு பகடைக்கும் தொகை இரட்டிக்கும். மூன்று 4 என்றால் 400, நான்கு 4 என்றால் 800, ஐந்து என்றால் 1600, ஆறும் 4 என்றால் 3200. இவை எல்லாம் ஒரே உருட்டில் வரவேண்டும். முதல் உருட்டில் எடுத்து வைத்த இரண்டு 1, அடுத்த உருட்டில் வரும் மூன்றாவது 1ஓடு சேர்ந்து ஆயிரம் ஆகாது. அது வெறும் 100தான். மூன்று ஜோடி வந்தால் புள்ளி என்று வேறு சில பகடை ஆட்டங்களில் உண்டு. இங்கே கிடையாது.

வீட்டில் தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் அஞ்சும் நல்ல எண் என்பது புதிதல்ல. ஆனால் அந்தப் பழக்கம் இரண்டு இடத்தில் காலை வாரும். தாயத்தில் ஆறும் நல்ல எண். இங்கே தனி 6க்கு ஒரு புள்ளியும் இல்லை. தாயத்தில் நல்ல எண் விழுந்தால் மறுபடி உருட்டியே ஆகவேண்டும். இங்கே மறுபடி உருட்டுவதா, இருப்பதோடு நிறுத்துவதா என்பது உங்கள் முடிவு. அந்த முடிவுதான் ஆட்டமே.

ஒரு முறை எப்படி நடக்கும்

1. ஆறு பகடையையும் உருட்டுங்கள்.

2. புள்ளி தரும் பகடை ஒன்றாவது இருந்தால், குறைந்தது ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. இந்த வரியை இரண்டு தரம் படியுங்கள்.

3. இப்போது இரண்டு வழி. சேர்ந்த புள்ளியைக் கணக்கில் எழுதிவிட்டு எதிராளியிடம் முறையைக் கொடுக்கலாம். அல்லது மிச்சப் பகடையை உருட்டலாம். இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான், திரையிலேயே காட்டும். முதல் இரண்டு ஆட்டத்துக்கு அதைப் படித்துப் படித்து அழுத்துங்கள். அவசரத்தில் மாற்றி அழுத்துவது சகஜம்.

4. உருட்டியதில் புள்ளி தரும் பகடை ஒன்றுகூட இல்லையென்றால் காலி. அந்த முறையில் சேர்ந்தது முழுக்கப் போய்விடும். முந்தைய முறைகளில் கணக்கில் எழுதியது பத்திரமாக இருக்கும்.

5. ஆறு பகடையும் புள்ளியாகிவிட்டால், ஆறையும் மறுபடி கையில் எடுத்து உருட்டலாம். சேர்ந்த புள்ளி அப்படியே தொடரும்.

ஒரு மாதிரி முறை. முதல் உருட்டு 1, 3, 3, 4, 5, 6. இதில் 1ஐயும் 5ஐயும் எடுக்கலாம். 1ஐ மட்டும் எடுங்கள்: 100. ஐந்து பகடை மிச்சம். அடுத்த உருட்டு 2, 2, 5, 6, 6. வேறு வழியில்லை, 5ஐ எடுக்க வேண்டும்: மொத்தம் 150. நான்கு மிச்சம். அடுத்தது 3, 3, 3, 2. மூன்று 3க்கு 300, மொத்தம் 450. ஒரே ஒரு பகடை மிச்சம். இங்கே நிறுத்தி எழுதிவிட வேண்டும். அந்தக் கடைசிப் பகடை 2க்குப் பதில் 5ஆக விழுந்திருந்தால் மொத்தம் 500, ஆறும் புள்ளியாகியிருக்கும். அப்போது நிறுத்தக் கூடாது, ஆறையும் எடுத்து மறுபடி உருட்ட வேண்டும்.

ஏன் அங்கே நிறுத்தி, இங்கே உருட்டச் சொல்கிறோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

காலியாகும் வாய்ப்பு

சாதாரணப் பகடையில், கையில் உள்ள எண்ணிக்கைக்கு ஏற்ப, ஒரே உருட்டில் ஒன்றுமே கிடைக்காமல் போகும் வாய்ப்பு:

6 பகடை: 3.1 சதவீதம்
5 பகடை: 7.7 சதவீதம்
4 பகடை: 15.7 சதவீதம்
3 பகடை: 27.8 சதவீதம்
2 பகடை: 44.4 சதவீதம்
1 பகடை: 66.7 சதவீதம்

இதை மனப்பாடம் செய்வது கஷ்டமில்லை. ஆறிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து நான்கு என்று இறங்கும்போது ஆபத்து ஒவ்வொரு படியிலும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. நான்கு பகடையில் ஆறுக்கு ஒரு தடவை காலி. மூன்றில் நாலுக்கு ஒன்றை விடச் சற்று அதிகம். இரண்டில் கிட்டத்தட்ட பூவா தலையா. ஒன்றில் மூன்றுக்கு இரண்டு தடவை காலி.

இந்த எண்களுக்கு ஞாபகசக்தி கிடையாது. மூன்று தடவை தொடர்ந்து காலியானதால் நாலாவது கட்டாயம் விழும் என்று எதுவும் இல்லை. களியக்காவிளை தாண்டி கேரளத்தில் லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்களுக்கும் இந்த நம்பிக்கை உண்டு. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்டது, எல்லைக்கு அந்தப் பக்கம் அரசே நடத்துகிறது. ஆனால் சீட்டு வாங்கியபின் அவர்கள் செய்ய ஒன்றுமில்லை. இங்கே ஒவ்வொரு உருட்டுக்குப் பிறகும் உங்களிடம் ஒரு கேள்வி வருகிறது.

எதை எடுப்பது, எதை விடுவது

புதிதாக ஆடுபவர்களுக்கு மனசு வராத இடம் இதுதான். கையில் வந்த 50 புள்ளியை ஏன் விடவேண்டும்?

முதல் உருட்டில் 1ம் 5ம் வந்தன என்று வையுங்கள். இரண்டையும் எடுத்தால் 150, நான்கு பகடை மிச்சம். 1ஐ மட்டும் எடுத்தால் 100, ஐந்து பகடை மிச்சம். இன்னும் ஒரே ஒரு உருட்டு உருட்டிவிட்டு நிறுத்துவதாக வைத்துக்கொண்டு, காலியாகும் ஆபத்தையும் சேர்த்துச் சராசரி போட்டால், முதல் வழியில் சுமார் 270 புள்ளி, இரண்டாவது வழியில் சுமார் 330. ஐம்பதை விட்டவருக்கு அறுபது கூடுதல். ஐந்து பகடையில் மூன்று ஒரே எண் விழும் வாய்ப்பும், ஐந்து எண் வரிசை விழும் வாய்ப்பும் உயிரோடு இருக்கின்றன. நான்கு பகடையில் வரிசை என்ற பேச்சே இல்லை.

இரண்டு 5 வந்து 1 இல்லையென்றால், ஒரு 5 மட்டும். இரண்டையும் எடுத்து நான்கை உருட்டினால் சராசரி 230க்குப் பக்கம். ஒன்றை எடுத்து ஐந்தை உருட்டினால் 290க்குப் பக்கம்.

இரண்டு 1 வந்தாலும் ஒன்றை எடுப்பதே மேல், ஆனால் வித்தியாசம் சின்னது. இரண்டையும் எடுத்தால் பெரிய பாதகம் ஒன்றுமில்லை.

கொஞ்சம் யோசிக்க வைக்கும் உருட்டு ஒன்று: 2, 2, 2, 1, 4, 6. எல்லாவற்றையும் எடுத்தால் 300. உடனே எழுதிவிட்டால் 300 உறுதி. 1ஐ மட்டும் எடுத்து, மூன்று 2ஐயும் விட்டுவிட்டு ஐந்து பகடையை உருட்டினால், அந்த ஒரு உருட்டோடு நிறுத்தினாலே சராசரி 330ஐத் தாண்டும். மூன்று 2 என்பது பார்க்கத்தான் கூட்டம், 200 புள்ளிக்கு மூன்று பகடையைத் தின்றுவிடும். மூன்று 4, மூன்று 5, மூன்று 6, மூன்று 1 எல்லாம் வந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

இந்த விதிகள் அத்தனையும் முதல் இரண்டு உருட்டுக்குத்தான். நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டால் புள்ளி தரும் பகடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். எழுதப்போகிற நேரத்தில் 5ஐ விட்டுவைப்பதில் அர்த்தமில்லை. இதை மறந்து 50 புள்ளியைப் பலகையிலேயே விட்டுப்போகிறவர்களும் உண்டு.

எங்கே நிறுத்துவது

அந்த முறையில் சேர்ந்த புள்ளியையும் மிச்சப் பகடையையும் சேர்த்துப் பார்த்து, தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

1 அல்லது 2 பகடை மிச்சம்: 200ஐத் தாண்டியிருந்தால் நிறுத்துங்கள்.
3 பகடை மிச்சம்: 400ஐ எட்டியிருந்தால் நிறுத்துங்கள்.
4 பகடை மிச்சம்: 900 வரை உருட்டலாம்.
5 அல்லது 6 பகடை மிச்சம்: இலக்கு எட்டாத வரை உருட்டுங்கள்.

மூன்று பகடை மிச்சம் இருக்கும்போது 300 என்றால் உருட்டுவது சற்று லாபம், 400 என்றால் சமம், 500 என்றால் உருட்டுவது நஷ்டம். ஆகவே முதல் உருட்டிலேயே மூன்று 5 விழுந்து வேறொன்றும் இல்லையென்றால் 500ஐ எழுதிவிட்டு எழுந்திருங்கள். மூன்று 3 என்றால் இன்னொரு உருட்டு உருட்டலாம்.

ஒரு பகடை மிச்சம் இருக்கையில் மூன்றில் ஒரு வாய்ப்புதானே, ஏன் 200 வரை பொறுக்கலாம் என்று கேட்கலாம். அந்த ஒன்று விழுந்தால் ஆறும் புள்ளியாகி, ஆறு புதுப் பகடை கையில் வரும். அந்தப் பரிசுக்காகத்தான். புள்ளி 200க்குக் கீழே என்றால் இழக்க அதிகமில்லை.

முழு வரிசை, 1 முதல் 6 வரை, 65 உருட்டுக்கு ஒரு தடவை வரும். 1500 புள்ளி, ஆறு பகடையும் திரும்ப. பெரும்பாலானவர்கள் பயந்து எழுதிவிடுகிறார்கள். கணக்குப்படி இன்னொரு தடவை உருட்டலாம், காலியாகும் வாய்ப்பு 3.1 சதவீதம்தான். ஆனால் இலக்குக்கு அந்த 1500 போதும் என்றால் உருட்டக் கூடாது. ஜெயித்த ஆட்டத்தில் மேற்கொண்டு புள்ளி சேர்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

பின்னால் நின்று பார்க்கிற கூட்டாளி “இன்னொண்ணு உருட்டுலே மக்கா” என்பான். போகிற குரோஷன் அவனுடையது அல்ல.

எதிராளி இலக்கை நெருங்கும்போது

மேலே சொன்ன எல்லைக்கோடுகள் ஆட்டத்தின் நடுப்பகுதிக்கு. கடைசியில் அவை மாறும். யார் முதலில் இலக்கை எட்டி எழுதுகிறாரோ அவர் ஜெயித்தார், மற்றவருக்குக் கடைசி வாய்ப்பு என்று ஒன்று கிடையாது.

இலக்கு 2000, எதிராளி 1900, நீங்கள் 1600 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தேவை 100. ஆறு பகடையில் 97 சதவீதம் ஏதாவது விழும், அது வெறும் 5 ஆனாலும் அடுத்த ஐந்து பகடையில் 92 சதவீதம் ஏதாவது விழும். பத்தில் ஒன்பது தடவையாவது அவர் அடுத்த முறையில் முடித்துவிடுவார். இந்த நிலையில் 250 சேர்த்து ‘பத்திரமாக’ எழுதுவது தோல்வியைப் பத்திரப்படுத்துவதுதான். 400 எட்டும்வரை உருட்டியே ஆகவேண்டும், கையில் இரண்டு பகடை இருந்தாலும் சரி.

நிலைமை தலைகீழ் என்றால், அதாவது அவருக்கு இன்னும் 1500 வேண்டும், உங்களுக்கு 300 போதும் என்றால், சின்னச் சின்னதாக எழுதுங்கள். மூன்று பகடை மிச்சத்தில் 200 சேர்ந்தாலே எழுதலாம். உங்களுக்குத் தேவை 150 மட்டும் என்ற கட்டத்தில் 1ம் 5ம் விழுந்தால் இரண்டையும் எடுத்து ஆட்டத்தை முடியுங்கள். 5ஐ விடும் விதி இங்கே செல்லாது.

எதிராளியின் முகத்தைப் படிக்க முயற்சி வேண்டாம். எல்லாம் பலகையில் வெளிச்சமாகக் கிடக்கிறது, ஒளித்துவைக்க அவரிடம் சீட்டு இல்லை.

எடை ஏற்றிய பகடை

சாதாரணப் பகடை தவிர, ஏதாவது ஒரு முகம் அடிக்கடி விழும்படி சாய்ந்த பகடைகளும் விளையாட்டில் உண்டு. வணிகர்களிடமும், சண்டையில் விழுந்தவர்களின் பையிலும் கிடைக்கும். இதை மேஜையில் யாரும் குற்றமாகக் கேட்பதில்லை. கிடைத்ததை எல்லாம் ஆறில் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். இரட்டைப்படை எண்களுக்குச் சாயும் பகடை ஒன்றை மட்டும் சேர்த்தால் நஷ்டம்தான், ஏனென்றால் 2, 4, 6 மூன்றும் தனியாக வந்தால் ஒரு பைசாவுக்குப் பெறாது. 4க்குச் சாயும் பகடையும் தனியாக வீண். அதே மாதிரிப் பகடை மூன்றோ நாலோ சேர்ந்தால் மூன்று 4 அடிக்கடி விழ ஆரம்பிக்கும்.

1க்குச் சாயும் பகடை எப்போதும் நல்லது. உதாரணமாக ஒரு பகடையில் 1 பாதித் தடவையும், மற்ற ஐந்து முகங்களும் தலா பத்தில் ஒரு தடவையும் விழுவதாக வைத்தால், அந்த ஒற்றைப் பகடை காலியாகும் வாய்ப்பு 66.7இலிருந்து 40 சதவீதமாக இறங்கும். அப்படிப்பட்ட மூன்றை உருட்டினால் மூன்று 1 விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. சாதாரணப் பகடையில் அது 216இல் ஒன்று.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நல்ல பகடை இரண்டு, சாதாரணம் நான்கு என்று கலந்து ஆடும்போது, இரண்டு 1 விழுந்து ஒன்று நல்ல பகடையில், ஒன்று சாதாரணத்தில் என்றால், சாதாரணத்தை எடுத்து வையுங்கள். நல்ல பகடை கையிலேயே இருக்கட்டும், அது மறுபடி உருளத்தான் இருக்கிறது. இதற்காகவே உங்கள் பகடைகளின் தோற்றத்தை ஆட்டத்துக்கு முன் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பாகத்தில் தகரம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்த பேட்ஜ்களும், அதாவது ஆட்டத்தில் சலுகை தரும் வில்லைகளும், பகடைக்கு உண்டு. ஆரம்பத்தில் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கணக்கு கைக்குள் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

பந்தயம் எவ்வளவு

கையிருப்பில் பத்தில் ஒன்றுக்கு மேல் ஒரு ஆட்டத்தில் வைக்காதீர்கள். சமபலமான இரண்டு பேர் ஆடினால் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்கும் வாய்ப்பு 32இல் ஒன்று. இது அபூர்வமில்லை, ஒரு மழைநாள் உட்கார்ந்து ஆடினால் நடந்துவிடும். தோற்றால் இரட்டிப்பு வைத்து மீட்கிறேன் என்ற யோசனை எல்லாருக்கும் வரும். 5 குரோஷனில் ஆரம்பித்து 10, 20, 40, 80 என்று ஐந்து தடவை தோற்றால் போனது 155, ஆறாவதுக்கு 160 வேண்டும். ஜெயித்தால் கிடைக்கும் நிகர லாபம் வெறும் 5.

இதெல்லாம் ஹென்றியின் குரோஷனுக்கு. ரூபாய் வைத்து ஆடச் சொல்லும் பகடை ஆப்கள் வேறு ஜாதி. அங்கே வாய்ப்புக் கணக்கை யார் எழுதினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, மேலே போட்ட ஒரு எண்ணும் அங்கே செல்லுபடியாகும் என்று நம்ப முடியாது. தமிழ்நாடு அரசு 2022இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்து சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கம்ப்யூட்டர் இல்லாமல் பழக

விளையாட்டை இறக்கி முடியும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. கோட்டாறு கடைத்தெருவிலோ மார்த்தாண்டத்திலோ லூடோ பகடை ஆறு வாங்குங்கள். தாயக்கட்டை உதவாது, அதற்கு நான்கு முகம்தான். ஒரே அளவுள்ள ஆறாக வாங்குவது முக்கியம். வெவ்வேறு டப்பாவிலிருந்து எடுத்தால் ஒன்று பெரிது, ஒன்று சின்னது என்று வரும். ஓரம் மழுங்கியதும், ஒரு பக்கம் வீங்கியதும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தனியாக அறுபது தடவை உருட்டி எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முகமும் பத்துக்கு முன்பின் வரும். ஐந்து, பதினைந்து என்று வந்தாலும் சந்தேகப்பட வேண்டாம். ஒரே முகம் இருபதைத் தாண்டினால் அந்தப் பகடையை மாற்றுங்கள்.

இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு பேனா. இலக்கு 2000. பந்தயத்துக்குப் புளியங்கொட்டை. முதல் பத்து முறைக்கு, உருட்டுமுன் காலியாகும் சதவீதத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு உருட்டுங்கள்: நாலு பகடை, பதினாறு, மூணு பகடை, இருபத்தெட்டு. சாயா ஆறுவதற்குள் எண்கள் வாயில் நின்றுவிடும். பகடை சிமெண்ட் தரையில் நேரே விழுந்தால் துள்ளி ஓடும், ஒரு பாயை விரித்து அதன்மேல் உருட்டுங்கள். பாயை விட்டு வெளியே போன பகடையை மட்டும் மறுபடி உருட்டினால் போதும். சாய்ந்து நிற்கும் பகடைக்கும் அதே விதி.